பயில்வானின் பலகையும் ஆயாவின் சும்மாடும்

மகளிர் தினத்துக்கு எங்கள் கல்லூரிக்கு ஒரு பேச்சாளர் வந்திருந்தார். நல்ல குரல். கோடி ராமமூர்த்தி நாயுடுவின் கதையைச் சொன்னார். நெஞ்சின் மேல் யானையை நிற்க வைத்தவர், ஓடக் கிளம்பிய இரண்டு கார்களை இரண்டு பக்கமும் இழுத்து நிறுத்தியவர், மார்பில் சுற்றிய இரும்புச் சங்கிலியை மூச்சை உள்ளிழுத்தே அறுத்தவர். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "அது ஆணின் பலம். உடம்புப் பலம். உங்கள் பலம் அதைவிடப் பெரியது. அது உங்கள் மனதில் இருக்கிறது, பொறுமையில் இருக்கிறது. யானையைச் சுமப்பது சுலபம். குடும்பத்தைச் சுமப்பதுதான் கடினம்" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. மேடையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன்.

அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சுற்றுப்பட்டிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள். பாதிப் பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடியும் முன் சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ரோட்டோரம் கம்பெனி வேனுக்கு நிற்பவர்கள். நாள் முழுக்க மேல்தோலைத் தைப்பார்கள், பசை தடவுவார்கள், நின்றுகொண்டே ஜோடி சரிபார்ப்பார்கள். இவர்களின் மகள்களிடம் "உங்கள் பலம் பொறுமை" என்று சொல்வதில் அந்தப் பேச்சாளருக்கு ஒரு கூச்சமும் இல்லை. எனக்கும் அப்போது இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறுத்தியது.

முதலில் ராமமூர்த்திக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடுவோம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 1880களின் தொடக்கத்தில், இன்றைய ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பகுதியில் வீரகட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, விஜயநகரத்தில் காவல்துறையில் இருந்த சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சி பெற்று, விஜயநகரத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1910களின் தொடக்கத்தில் நண்பரோடு சேர்ந்து சொந்த சர்க்கஸ் கம்பெனி தொடங்கினார். ஊர் ஊராக, பிறகு கடல் கடந்தும் போனார். மக்கள் அவரைக் "கலியுக பீமன்" என்றார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு "இந்திய ஹெர்குலிஸ்" என்று பட்டம் கொடுத்ததாகச் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் ஒரு காலை இழந்து, 1942இல் ஒடிசாவின் பலாங்கீரில் இறந்தார். இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஸ்ரீகாகுளத்தில் அவர் பெயரில் விளையாட்டரங்கம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தக் காட்சிக்கு ஓர் அரசியல் இருந்தது. இந்தியன் நோஞ்சான், ஆளத் தெரியாதவன், ஆளப்படவே பிறந்தவன் என்று வெள்ளைக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். ஐரோப்பாவின் பெரிய பலசாலியான யூஜின் சாண்டோ 1904-05 வாக்கில் இந்தியாவுக்கு வந்துபோனார். அவர் பெயர் நம் ஊரில் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவர் கடைசிவரை சாண்டோ சின்னப்பா தேவர்தான். வெள்ளைக்காரனின் பெயரைத் தலையில் சூட்டிக்கொண்டு வெள்ளைக்காரனுக்கு நெஞ்சை நிமிர்த்திக் காட்டிய காலம் அது. ராமமூர்த்தியின் மார்பில் யானை ஏறியபோது, தங்கள் மேல் உட்கார்ந்திருக்கும் வேறொரு யானையையும் தாங்கி எழ முடியும் என்று கூடாரத்தில் இருந்தவர்கள் நம்பியிருப்பார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வித்தை எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும். பயில்வான் தரையில் மல்லாந்து படுப்பார். அவர் மேல் கனத்த பலகை வைக்கப்படும். யானை அந்தப் பலகை மேல்தான் கால் வைக்கும். பலகை எடையை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் மார்பு, வயிறு, தொடை என்று பரப்பிக் கொடுக்கும். யானை ஏறி நடந்து இறங்குகிற வகையில் பலகையின் முனை தரையைத் தொடும்போது தரையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். பாகன் இருப்பார். ராமமூர்த்தி ஐந்து நிமிடம் தாங்கினார் என்கிறார்கள். ஐந்து நிமிடமே பெரிய சாதனைதான். பயிற்சியும் மூச்சடக்கமும் இல்லாதவனுக்கு ஐந்து நொடியில் விலா எலும்பு நொறுங்கும். முடிந்ததும் யானை இறங்கிவிடும். பலகையைத் தூக்கிவிடுவார்கள். அவர் எழுந்து கைகூப்புவார். அன்று ராத்திரி சாப்பிட்டுத் தூங்குவார். வேளாவேளைக்குச் சாப்பாடும் உழைப்புக்கேற்ற ஓய்வும் பயில்வானுக்குப் பயிற்சியின் பாதி. சித்தப்பா வீட்டில் அந்தப் பிள்ளைக்குச் சமைத்துப் போட்டது யார் என்று எந்த வரலாறும் சொல்வதில்லை.

தன் பலத்துக்குக் காரணம் சைவ உணவும் பிராணாயாமமும் பிரம்மச்சரியமும் என்று அவர் பிரசாரம் செய்தார். முதல் இரண்டையும் விடுவோம். மூன்றாவதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அன்றைய தேகப்பயிற்சி இயக்கம் முழுக்க ஊறியிருந்த நம்பிக்கை இது: ஆணின் பலம் ஒரு குடம். பெண் அதில் விழுந்த ஓட்டை. அவளிடமிருந்து விலகி நின்றால் நாடு எழும்பும், அவளிடம் போனால் நாடு ஒழுகிவிடும். நூறு வருடம் ஆகியும் அந்தக் குடம் உடையவில்லை. எந்த பஸ் நிலையத்துச் சுவரையும் பாருங்கள். நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியம் சொல்லும் லாட்ஜ் வைத்தியரின் போஸ்டர் இருக்கும். ஆண் பலவீனமானால் அதற்குக் காரணம் பெண். ஆண் பலசாலியானால் அதற்குக் காரணம் பெண் அங்கே இல்லாதது. இரண்டு கணக்கிலும் அவளுக்கென்று ஓர் உடம்பு இல்லை.

உடம்பைக் காட்டிய பெண்களும் இருந்தார்கள். பிரிவினைக்கு முன்பு கிழக்கு வங்கத்துக் குமில்லாவில் பிறந்து கல்கத்தாவுக்கு வந்த ரேபா ரக்ஷித், பிஷ்ணு சரண் கோஷின் பயிற்சிக்கூடத்தில் யோகாவும் உடற்பயிற்சியும் கற்றவர். நெஞ்சின் மேல் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுப் பழகியவர், 1950களில் சர்க்கஸில் யானையையே ஏற்றினார். ஜெமினி, கமலா என்று பெரிய சர்க்கஸ்களில் அவர் பெயர் போஸ்டரில் வந்தது. 2010இல் இறந்தார். அதே யானை, அதே நெஞ்சு, அதே பலகை. ஆண் பலத்துக்கு உதாரணம் தேடிய பேச்சாளருக்கு ராமமூர்த்தி கிடைத்தார். பெண் பலத்துக்கு உதாரணம் தேடியபோது ரேபா கிடைக்கவில்லை, பொறுமை கிடைத்தது. நானும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ரேபாவின் பெயரைக் கேள்விப்பட்டேன். தமிழில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, பெண்ணெழுத்து பற்றி மேடைமேடையாகப் பேசியவள் நான்.

கடல் கடந்தும் கதை இதேதான். வியன்னாவில் ஒரு சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்த கேட்டி சாண்ட்வினா, கணவரை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியவர். அந்தப் பெயரே சாண்டோவுக்குப் பெண்பால் விகுதி போட்டுச் செய்தது. பலம் ஆணுடையது, பெண்ணுக்கு வந்தால் அது இரவல் என்று பெயரிலேயே எழுதிவைத்தார்கள். 1912இல் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸின் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியபோது சாண்ட்வினா அதில் முன்னே நின்றார். மனிதர்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வாக்குச் சீட்டைத் தூக்கும் பலம் இல்லை என்று சட்டம் சொன்ன காலம் அது.

நம் இலக்கியத்துக்கு வருகிறேன். இது என் வீடு, இங்கே நான் சண்டை போடலாம். கலித்தொகையின் முல்லைக்கலியில் காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் ஏற்க மாட்டாள். தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் என்றார்கள். இரண்டிலும் பெண் பரிசு, அல்லது பரிசு கொடுக்கும் நடுவர். புறத்திணையில் பெண்ணின் மறத்துக்கு மூதின்முல்லை என்று ஒரு துறையே இருக்கிறது. அந்தத் துறையில் அவள் செய்யும் வீரச்செயல் என்ன? தகப்பனையும் கணவனையும் பறிகொடுத்த பிறகும் மகனைப் போருக்கு அனுப்புவது. அவளுடைய வீரம் அவள் கொடுக்கும் பிணங்களால் எண்ணப்படுகிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாட்டை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்துகிறேன். பல வருடம் அதை வீரம் என்றே நடத்தினேன். இப்போது, "அந்த அம்மா அன்று ராத்திரி யாருக்குச் சோறு போட்டிருப்பாள்?" என்று பிள்ளைகளைக் கேட்கிறேன்.

அப்புறம் முறத்தால் புலியை விரட்டிய தமிழச்சி. பட்டிமன்றத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவள் வருவாள். அவள் பெயர் என்ன? எந்த ஊர்? ராமமூர்த்திக்கு ஊர் உண்டு, சித்தப்பா உண்டு, சிலை உண்டு. அவளுக்கு ஒரு முறம்தான் உண்டு. புலியே வந்தாலும் கையிலிருக்கும் அடுப்படிச் சாமானை அவள் கீழே வைக்கக் கூடாது என்பதுதான் அந்தக் கதையின் ரகசியம்.

என் அப்பாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்போம். ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில் முப்பது வருடம் வேலை செய்தவள். உப்புப் போட்டு வந்த தோலைச் சுமந்து ஊறவைக்கப் போடுவது, சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது, பட்டை மூட்டை தூக்குவது என்று பெண்களுக்கு விட்டிருந்த வேலையெல்லாம் சுமை வேலை. ஈரத்தோடு இருக்கும் எருமைத் தோல் ஒன்று 20 கிலோ, 30 கிலோ வரும். வழுக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். கைவிரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகி இருக்கும். தோலைத் தொடுகிறவர்கள் என்று ஊர் எந்தப் பக்கத்தில் குடிவைத்ததோ அந்தப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அவள் பலத்தை யாரும் பலம் என்று சொன்னதில்லை. கூலி என்றுதான் சொன்னார்கள். அதிலும் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு.

ஆயாவுக்கும் ஒரு பலகை இருந்தது. சும்மாடு. பழைய புடவையைக் கிழித்துச் சுருட்டி, வளையமாக்கித் தலையில் வைத்துக்கொள்வாள். யானைக்கும் பயில்வானுக்கும் நடுவே கனத்த மரப்பலகை. தோலுக்கும் ஆயாவுக்கும் நடுவே அவளுடைய புடவையின் கந்தல். அதையும் அவளே சுருட்டிக்கொள்ள வேண்டும். பயில்வானின் பலகையைக் கம்பெனி செய்து கொடுத்தது. சும்மாட்டுத் துணியை எந்த முதலாளியும் வாங்கிக் கொடுத்ததில்லை.

ஆயா படுக்கையில் விழுந்த பிறகு நான்தான் சில நாள் உடம்பு துடைத்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே கோவணம்போல ஒரு துணி கட்டியிருந்தாள். அவிழ்க்க விடவில்லை. ரொம்பக் கேட்ட பிறகு சொன்னாள். "அடி எறங்கிப்போயி ரொம்ப வருசம் ஆவுது கண்ணு. ஒங்க அப்பன் பொறந்து பதினாறு நாள்ல வேலைக்குப் போனேன். அப்பவே ஆரம்பிச்சிது. துணியைக் கட்டிக்கினு போவோம். நான் மட்டுமா, எங்க செட்டுல நாலு பேரு." கருப்பை கீழே இறங்கியதைக் கந்தல் துணியால் கட்டித் தாங்கிக்கொண்டு, தலையில் எருமைத் தோலையும் தாங்கியிருக்கிறாள். தலைக்கு மேலே ஒரு சும்மாடு, காலுக்கு நடுவே ஒரு சும்மாடு. தாத்தாவுக்குத் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியாது. டாக்டரிடம் அவள் காட்டவே இல்லை.

இதைத்தான் பொறுமை என்று மேடையில் புகழ்கிறார்கள். மருத்துவத்தில் இதற்குப் பெயர் கருப்பை இறக்கம். பிரசவத்தில் தளர்ந்த தசை தேறும் முன்பே கனம் தூக்குவது, அடுத்தடுத்த பிரசவம், சத்துக் குறைவு எல்லாம் இதற்கு வழி செய்கின்றன. ஆயாவுக்கு மூன்றும் இருந்தன.

இப்போது கதை இன்னும் கேவலமாகத் திரும்புகிறது. என் வகுப்பில் ஒரு மாணவி. ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். தோள் அகலமாக இருக்கும். பளுதூக்க ஆசைப்பட்டாள். வேலூர்க்காரிக்கு அந்த ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் சத்துவாச்சாரிக்காரர். அவள் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்தவர் சொன்ன பதில்: "பொம்பளப் புள்ள வெயிட் தூக்கினா கர்ப்பப்பை எறங்கிடும்மா. அப்புறம் கல்யாணம் காட்சி?" அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு ஆயாவின் துணி ஞாபகம் வந்தது.

ஆயா எருமைத் தோல் தூக்கியபோது கருப்பையைப் பற்றி யாருக்குக் கவலை இருந்தது? இந்தப் பெண் வீட்டில் நிரம்பிய கேஸ் சிலிண்டரை அவள்தான் வாசலிலிருந்து அடுப்படிக்கு நகர்த்துகிறாள். சிலிண்டரின் எடையும் உள்ளே இருக்கும் 14.2 கிலோ வாயுவும் சேர்ந்தால் சுமார் 30 கிலோ. ரேஷன் அரிசி மூட்டை அவள் தலையில்தான் வருகிறது. தண்ணீர்க் குடம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அப்போதெல்லாம் இறங்காத கர்ப்பப்பை, இரும்புக் கம்பியைத் தொட்டதும் இறங்கிவிடுமாம். பெண் சுமை தூக்கலாம், பளு தூக்கக் கூடாது. பிறருக்காகத் தூக்கினால் அது கடமை. தனக்காகத் தூக்கினால் அது உடம்புக்கு ஆகாது. முறையான பயிற்சியில் எடை படிப்படியாக ஏறும், ஓய்வு நாள் உண்டு, மூச்சும் நிலையும் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, சாப்பாடு உண்டு. ஆயாவின் சுமையில் இவை ஒன்றும் இல்லை. எது ஆபத்து என்று குழந்தைக்கும் தெரியும்.

இந்தத் தடைக்குத் தனிமனிதரின் வாய் மட்டும் காரணமில்லை. பளுதூக்குதல் 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது, ஆண்களுக்கு. பெண்களுக்கு அது வந்தது 2000இல், சிட்னியில். நூற்று நான்கு வருடம். கதவு திறந்த அந்த முதல் முறையே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் 110ம் 130ம் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். அவர் எந்த ஊர் தெரியுமா? ஸ்ரீகாகுளம் மாவட்டம். கலியுக பீமன் பிறந்த அதே சீமை. அன்று மேடையில் ஸ்ரீகாகுளத்தைப் பற்றிப் பேச வந்தவருக்கு இந்தப் பெண் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் அவர் தூக்கிய எடையில் பலகை வைத்துப் பரப்பியது எதுவும் இல்லை. கிலோ கணக்கு, உலகத்தின் கண்முன்னால்.

மீராபாய் சானுவின் கதையும் எல்லோருக்கும் தெரியும். அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைச் சிறுமியாக இருந்த அவர் தூக்கி வந்தார் என்று மணிப்பூரில் சொல்வார்கள். டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். இந்தக் கதையை "பார், விறகு சுமந்தவளும் ஜெயிக்கலாம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அந்த விறகுக் கட்டு அவர் தலையிலிருந்து இறங்கி, கையில் கம்பி வந்ததால்தான் பதக்கம் வந்தது. தலையிலேயே இருந்திருந்தால் அவரும் என் ஆயாதான். நம் ஊரிலும் சாட்சி இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள். யாரையும் கல்யாணம் செய்துகொள்ள இல்லை, தூக்க முடியும் என்பதற்காக.

"சட்டம் பெண்களைப் பாதுகாக்கிறதே" என்று கேட்கலாம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய எடையை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வரம்பு போட்டன. நல்லது. ஆனால் ஒரு முறை 30 கிலோ தூக்குவதும், ஒரு நாளில் இருநூறு முறை 15 கிலோ தூக்குவதும் ஒன்றா? அடுப்படிக்கு எந்த ஆய்வாளர் வருகிறார்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் எடுக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பயில்வானைச் சாப்பாடு போட்டு வளர்த்த நாடு, மிச்சம் மீதியைத் தின்பவளின் தலையில் மூட்டையை ஏற்றிவிட்டு, "எவ்வளவு பலம் பார்" என்கிறது.

கடைசியாக, எழுதத் தயங்கிய ஒன்று. 2023 மே மாதம். எங்கள் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறங்க ஒழுங்கான சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பியபோது ஆம்புலன்ஸால் மேலே ஏற முடியவில்லை. உடலை வழியில் இறக்கிவிட்டார்கள். தாய் அந்த உடலைக் கையில் ஏந்திக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் மலையேறி நடந்தார். அந்தப் படத்தை நாடே பார்த்தது.

ஒன்றரை வயதுப் பிள்ளை என்ன எடை இருக்கும்? எட்டு கிலோ, ஒன்பது கிலோ. எந்தச் சட்டத்தின் வரம்பிலும் அடங்கும் எடை. எந்தப் பயில்வானுக்கும் அது ஒரு பொருட்டில்லை. படத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்த ஒருவர், "தாயோட மனபலம் பாருங்க மேடம்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது சாலை. சாலை இல்லாத இடத்தில் அவர் நடந்தார், வேறு வழியில்லாததால் நடந்தார். அதை மனபலம் என்று சொன்ன அந்த நொடியில், சாலை போடாதவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள். யானைக்குக் கீழே பலகை வைக்காமல் ஆளைப் படுக்கவைத்தால் அதற்குப் பெயர் சாகசம் இல்லை, கொலை. மலைக்குச் சாலைதான் பலகை.

"அப்படியானால் பெண்ணின் மனவுறுதியை மதிக்கக் கூடாதா? உன் ஆயாவை நீயே குறைத்துப் பேசலாமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. என் ஆயா பலசாலிதான். ராமமூர்த்தியைவிடப் பலசாலி என்றுகூடச் சொல்வேன், என் ஆயா ஆயிற்றே. ஆனால் அவளைக் கேட்டிருந்தால், இந்தப் புகழ் வேண்டாம், பிரசவத்துக்குப் பின் மூன்று மாதக் கூலியோடு லீவும் தோலைத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டியும் கொடு என்றுதான் சொல்லியிருப்பாள். புகழுக்குச் செலவில்லை, வண்டிக்குச் செலவு உண்டு. அதனால்தான் நமக்குப் புகழ் தாராளமாகக் கிடைக்கிறது.

பலகைகள் வானத்திலிருந்து விழுவதில்லை, போராடினால் வரும். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் தொழிலாளிகளுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்களின் நிற்கும் பலத்தை அதுவரை எத்தனை பேர் வியந்திருப்பார்கள்! வியப்பினால் ஒரு ஸ்டூல்கூட வரவில்லை. கால் வீங்குகிறது என்று அவர்கள் சொன்னதால் வந்தது. கம்பெனியில் தள்ளுவண்டி, வேனில் எல்லோருக்கும் இருக்கை, கேட்டவுடன் கழிப்பறைக்குப் போகும் உரிமை, பிரசவித்தவளுக்கு ஓய்வு, வீட்டுச் சுமையில் ஆணின் தோள், மலைக்குச் சாலை. இவையெல்லாம் பலகைகள். இவற்றைக் கேட்பது பலவீனம் என்று சொல்கிறவர்கள், ராமமூர்த்தியைப் பலகை இல்லாமல் படுக்கச் சொல்லட்டும்.

கூடவே கம்பியும் வேண்டும். சுமையிலிருந்து விடுதலை மட்டும் போதாது, பலத்தின் சுகமும் வேண்டும். தன் உடம்பு எவ்வளவு தூக்கும் என்று ஒரு பெண் தனக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லியலார், கொடியிடையாள் என்று எழுதிவைத்த மொழியில் தோள் அகன்ற பெண்ணுக்கும் ஒரு சொல் வேண்டும். அதை எழுத வேண்டியது என்னைப் போன்றவர்களின் வேலை. இதுவரை சரியாகச் செய்யவில்லை.

அந்த மாணவி இப்போது வேறொரு பயிற்சிக்கூடத்துக்குப் போகிறாள். வாரத்தில் மூன்று நாள். முதல் மாதக் கட்டணத்தை அவள் அம்மா ஷூ கம்பெனி ஓவர்டைம் காசிலிருந்து கொடுத்தார். மகள் போன சனிக்கிழமை தூக்கிய எடையை எனக்கு போனில் சொன்னாள். 40 கிலோ. "வலிக்கிதா?" என்று கேட்டேன். "வலிக்கிது மேடம். ஆனா கீழ வெச்சிடலாம்" என்றாள்.

அடுத்த மகளிர் தினத்துக்குப் பேச்சாளரை அழைக்கும் குழுவில் நான் இருக்கிறேன். மேடையில் ஒரு கம்பியும் எடைகளும் வைக்கச் சொல்லப்போகிறேன். பொறுமையைப் பற்றிப் பேச வருகிறவர் முதலில் ஒரு சிலிண்டரை வாசலிலிருந்து மேடைக்குத் தூக்கி வந்துவிட்டு மைக்கைப் பிடிக்கட்டும்.